வெப்பக் குழாய்கள்: பெட்டி அடிப்பதா, பெயின்ட் அடிப்பதா?

லண்டனின் பழைய வீடுகள் பலவற்றில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு வெந்நீர் கொண்டுபோகும் செம்புக் குழாய்கள் சுவரோரமாக வெளியே தெரியும்படிதான் ஓடும். பெரும்பாலும் 15 மி.மீ. விட்டம். அதை மறைக்க எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் பெட்டி அடிக்கலாம், அல்லது சுவரின் நிறத்திலேயே பெயின்ட் அடித்துவிடலாம்.

தவழும் குழந்தை இருக்கும் வீடென்றால் யோசிக்காமல் பெட்டிதான். 60, 70 டிகிரி வெந்நீர் ஓடும் குழாயைச் சின்னக் கை பிடித்துவிடக் கூடாது. ஆனால் செம்பு சூட்டில் நீளும்: 5 மீட்டர் குழாய் 50 டிகிரி சூடேறினால் சுமார் 4 மி.மீ. அது பலகையில் உரசினால், ஹீட்டிங் போட்டதும் 'டிக் டிக்' என்று சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும். சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். அப்புறம், வால்வும் இணைப்புகளும் இருக்கும் இடத்தில் பலகையை ஒட்டிவிடாமல் ஸ்க்ரூ போட்டு மாட்டுங்கள். இல்லையென்றால் ஒழுகும் நாளில் மொத்தத்தையும் உடைக்க வேண்டிவரும்.

பெயின்ட் மலிவு. குழாய் ஆறியதும் உப்புத்தாளால் தேய்த்து, பிசுக்கைத் துடைத்து, மெட்டல் பிரைமர் பூசி, அதன்மேல் சூடு தாங்கும் ரேடியேட்டர் எனாமல் அடிக்க வேண்டும். மேலிருந்து இறங்கும் ஒற்றைக் குழாய்க்கு இதுவே போதும், கண்ணில் படாது. அதற்குப் போய்ப் பெட்டி அடித்தால் மூலையில் தூண் முளைத்த மாதிரி இருக்கும். ஒழுகல் வந்தாலும் உடனே தெரியும்.

வாடகை வீடென்றால், எதுவானாலும் முதலில் உரிமையாளரைக் கேட்டுவிடுங்கள்.