சிங்கராஜவில் நான்கு நாள்: பறவைக்கு முழுப் புள்ளி, கொப்பிக்குப் பாதி

"காசும் குடுத்து வேலையும் செய்யப் போறீங்களா?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். கொழும்பில் ஒரு சிறு குழு நடத்தும் பயணம் இது. சிங்கராஜ வனத்தில் ஆய்வு வேலை, மரநடுகை, ஊருக்கு உதவி. ஆளுக்கு 48,000 ரூபாய். விடிய நாலரைக்கு வெள்ளவத்தையில் வானில் ஏறினால் மத்துகம, கலவானை வழியாக, வனத்தின் நுழைவாயிலான குடாவ.

ஆய்வுப் பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தக் காட்டில் பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாகச் சேர்ந்து இரை தேடும். 1981 முதல் ஆய்வாளர்கள் இந்தக் கூட்டங்களைக் கவனித்து வருகிறார்கள். கூட்டத்தில் அதிகம் இருப்பது செம்மஞ்சள் அலகுத் தவிட்டுக்குருவி. நம் வீட்டு மதிலில் காலையில் கத்துகிறதே, அதற்குச் சொந்தம். கூடவே கொண்டைக் கரிச்சான். அது மற்றப் பறவைகளின் குரலில் கத்தியே அவற்றைக் கூட்டத்துக்கு இழுக்குமாம். முதல் நாள் நான் பதினொன்று எண்ணிய கூட்டத்தில் வழிகாட்டி முப்பத்திநான்கு எண்ணினார். என் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "நாளையிலிருந்து உங்களுடையதைச் சேர்ப்போம்" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

ஒட்டுப்பலகைக்காக இங்கே மரம் வெட்டியது 1977இல் நின்றது; 1988இல் காடு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. காட்டோரத்துப் பைன் நிழலில் நாட்டு மரக்கன்றுகள் நட்டோம். வெட்டவெளி என்றால் பன்னச் செடி மூடிவிடும். இடுப்பு வலி இரண்டு நாள்.

மூன்றாம் நாள் ஒரு தோட்டப் பாடசாலை. பதாகை, பிள்ளைகள் வரிசை, கொப்பி, படம். பேச்செல்லாம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், பிள்ளைகள் தமிழ். மொழிபெயர்ப்பாளர் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு தாய் மெதுவாகச் சொன்னார்: "கொப்பி போன மாசமும் ஒரு கூட்டம் குடுத்திச்சு தம்பி. கணக்கு டீச்சர்தான் இல்ல." அப்படியே அமைப்பாளரிடம் சொன்னேன். தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

உண்மையில் ஊருக்குப் போன காசு, நாங்கள் தங்கிய வீட்டாருக்குக் கையில் கொடுத்ததுதான். பலாக்காய்க் கறி, கித்துள் கருப்பட்டியோடு பிளேன்ரீ. அந்த வீட்டுக்காகவே போகலாம்.

போகிறவர்களுக்கு ஒன்று: அட்டை கடிக்காமலிருக்கப் போடும் காலுறைக்குத் தனிக் காசு கேட்பார்கள், வீட்டிலிருந்தே கொண்டு போங்கள்.

அடுத்த முறை கொப்பிப் பெட்டிக்குப் பதிலாக ஒரு கணக்கு வாத்தியாரை வானில் ஏற்ற முடியுமா என்று அவர்களுக்கு எழுதியிருக்கிறேன். மூன்று வாரமாகிறது, பதில் இல்லை.