128 ஜிபி பென்டிரைவ்: திட்டி எழுதத்தான் நினைத்தேன்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் வாங்கியது. அட்டையில் படிக்கும் வேகத்தை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, எழுதும் வேகத்தைப் பற்றி மூச்சே விடாத ரகம்.

அண்ணன் கல்யாணப் படங்கள் 2 ஜிபி. என் உபுண்டு (லினக்ஸ் வகை) லேப்டாப்பில் காப்பி போட்டேன், எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை சரசரவென்று ஓடி முடிந்துவிட்டது, பரவாயில்லையே என்று பிடுங்கிக்கொண்டு ஒசூர் பஸ் ஏறிவிட்டேன். வீட்டில் திறந்தால் பாதிப் படங்களுக்குப் பெயர் மட்டும் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. அண்ணி பார்த்த பார்வை இருக்கிறதே! லேப்டாப்பில் படங்கள் அப்படியே இருந்ததால் தப்பித்தேன்.

மறுநாள் சண்டைக்குப் போனேன். கடைக்காரர் சேலத்துக்காரர், பொறுமைசாலி. தன் விண்டோஸ் கணினியில் செருகி அதே ஃபோல்டரை ஏற்றினார். பட்டை நத்தையாக நகர்ந்தது, ஆனால் எல்லாப் படமும் ஏறியது. "சார், முடியறதுக்கு முன்னாடியே உருவிட்டீங்க" என்றார்.

முடிந்ததாகத்தானே காட்டியது?

அங்கேதான் விஷயம். லினக்ஸில் எழுதச் சொன்னால் அதன் மையப் பகுதியான கெர்னல் அதை முதலில் ராமில் (கணினியின் தற்காலிக நினைவகத்தில்) வாங்கி வைத்துக்கொண்டு 'ஆச்சு' என்று சொல்லிவிடும். இன்னும் டிரைவுக்குப் போகாமல் ராமில் காத்திருக்கும் அந்தத் துண்டுகளுக்கு டர்ட்டி பேஜ் என்று பெயர். வழக்கமான அமைப்பில் 5 விநாடிக்கு ஒருமுறை எழுந்து பார்த்து, 30 விநாடி பழசானதை மட்டும் அனுப்பும். பயன்படுத்தக்கூடிய ராமில் 10 சதவீதம் இப்படி நிரம்பினால் காத்திருக்காமல் எழுதத் தொடங்கும், 20ஐத் தொட்டால்தான் காப்பி செய்யும் புரோகிராமையே பிடித்து நிறுத்தும். என்னிடம் 16 ஜிபி ராம், இந்த 2 ஜிபி எம்மாத்திரம்? விண்டோஸ் 10-இலோ 1809 பதிப்பிலிருந்து பென்டிரைவுக்கு எழுதும்போது இப்படி ராமில் தேக்கிவைக்கும் வசதி (ரைட் கேஷ்) இயல்பாகவே அணைந்திருக்கும், அதனால்தான் அவருடைய பட்டை உண்மை பேசியது.

வீட்டில் மறுபடி சோதித்தேன். பட்டை முடிந்ததும், ராமில் காத்திருப்பதையெல்லாம் எழுதி முடிக்கச் சொல்லும் சிங்க் (sync) கட்டளை கொடுத்தால் ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் திரும்பி வந்தது. ஆக, இதன் நிஜமான எழுதும் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 20 எம்பி, அட்டையில் போட்டிருந்த பெருமைக்கு இது மகா மோசம். பென்டிரைவில் இருக்கும் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பமைப்புக்கு ஜர்னல் (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு) இல்லை, அது உள்ள லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பமைப்பைப் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஜர்னல் கோப்பமைப்பு சிதையாமல் காக்கும், அவ்வளவுதான், ராமிலேயே நின்றுபோன படத்தை அது எங்கிருந்து கொண்டுவரும்?

திருப்பிக் கொடுக்கவில்லை. ராமில் எவ்வளவு காத்திருக்கலாம் என்ற டர்ட்டி பைட்ஸ் வரம்பை 50 எம்பிக்குக் குறைத்துவிட்டேன், இப்போது என் பட்டையும் நத்தைதான். டிரைவுக்கு 3 நட்சத்திரம், கடைக்காரருக்கு 5.