ஏஓ3 ஃபேன்ஃபிக் தளம்: ரசிக்க வருபவருக்கு முழு வசதி, கேள்வி கேட்பவருக்குப் பாதி

ஆர்ஆர்ஆர் படம் 2022 மார்ச்சில் வந்தது. வந்த சூட்டிலேயே இரண்டு பேச்சுகள் அக்கம்பக்கமாக ஓடின. ராமும் பீமும் பாலத்தின் இரு பக்கமும் கயிற்றில் குதித்துக் கைகோக்கும் காட்சியிலேயே சொக்கிப்போய், அந்த நட்பை இன்னும் நூறு விதமாக எழுதிப் படித்தவர்கள் ஒரு பக்கம். கோண்டுத் தலைவரான கொமரம் பீமை ஏன் வெள்ளந்திக் காட்டுவாசியாகக் காட்டினீர்கள், அவர் கடைசியில் ராமிடம் படிப்பு கேட்பது என்ன கணக்கு, ராமர் கோலத்தில் வில்லேந்தி நிற்பது யாருக்கான அரசியல் என்று கேட்டவர்கள் இன்னொரு பக்கம். பல நேரம் இரண்டும் ஒரே ஆள்தான். காலையில் கேள்வி கேட்டவரே ராத்திரி தூங்கப்போகுமுன் ராம்-பீம் கதை தேடுவார்.

அவர் தேடிப் போகும் இடம் பெரும்பாலும் ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன், சுருக்கமாக ஏஓ3. ஃபேன்ஃபிக், அதாவது பிடித்த படத்தையோ புத்தகத்தையோ வைத்து ரசிகர்களே எழுதும் கதைகள், படிக்கும் யாருக்கும் அறிமுகம் தேவையில்லாத தளம். 2009 நவம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. நடத்துவது ஆர்கனைசேஷன் ஃபார் டிரான்ஸ்ஃபர்மேட்டிவ் வொர்க்ஸ் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு. விளம்பரம் கிடையாது, சந்தா கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது, வேலை பார்ப்பவர்கள் தன்னார்வலர்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட படைப்புகள் இருக்கின்றன. 2019-இல் அறிவியல் புனைவு உலகின் ஹியூகோ விருதும் வாங்கியது. எல்லாம் சரி. சமூகப் பார்வை பற்றிய கேள்வியோடு வருபவருக்கு இது எவ்வளவு உதவும் என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். உள்ளடக்கம் பிடிக்கவில்லை என்பதற்காக இந்தத் தளம் எதையும் நீக்காது. இது அலட்சியத்தில் வந்த கொள்கை அல்ல, பட்ட அடியில் வந்தது. ஃபேன்ஃபிக்ஷன்.நெட் என்ற இன்னொரு ரசிகர் கதைத் தளம் 2002-இல் வயதுவந்தோர் கதைகளை மொத்தமாகத் தடைசெய்தது. 2007-இல் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளம் ஒரே வீச்சில் நூற்றுக்கணக்கான கணக்குகளை முடக்கியதில் ரசிகர் குழுக்களும் அடிபட்டன. அதே வருடம் ஃபேன்லிப் என்ற வணிக நிறுவனம் ரசிகர் கதைகளை வைத்துக் காசு பார்க்க வந்தது. நமக்கென்று சொந்த இடம் வேண்டும், அதில் யாரும் கைவைக்கக் கூடாது என்ற முடிவு அங்கே பிறந்தது. அதனால்தான் விதிமுறையிலேயே, இங்கே புண்படுத்தும் விஷயமும் கண்ணில் படலாம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இலக்கணப் பிழையையும் எழுத்துப் பிழையையும் சேர்த்தது யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

நீக்க மாட்டோம் என்றால் அதற்கு ஈடாக என்ன தருகிறார்கள்? முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். பட்டியலில் ஒவ்வொரு கதையின் தலைப்புக்கும் இடதுபுறம் நான்கு சின்னக் கட்டங்கள் இருக்கும். மேலே இடது கட்டம் ரேட்டிங்: பச்சை என்றால் எல்லோருக்கும், மஞ்சள் பதின்வயதினருக்கு, ஆரஞ்சும் சிவப்பும் பெரியவர்களுக்கு. கீழே இடது கட்டத்தைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். சிவப்பில் ஆச்சரியக்குறி இருந்தால், கொடூர வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம், வல்லுறவு, சிறார் பாலியல் என்ற நான்கு எச்சரிக்கைகளில் ஏதோ ஒன்றாவது பொருந்துகிறது என்று அர்த்தம். வெற்றுக் கட்டம் என்றால் எதுவும் இல்லை. ஆரஞ்சில் ஆச்சரியக்குறியும் கேள்விக்குறியும் சேர்ந்து இருந்தால், எச்சரிக்கை போடுவதில்லை என்று எழுத்தாளர் முடிவுசெய்திருக்கிறார். புதிதாக வருபவர்கள் இதை ‘ஒன்றுமில்லை’ என்று படித்துவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். அது ‘எது வேண்டுமானாலும் இருக்கலாம்’ என்பது.

கவலை மறந்து படிக்க வருபவர் ஃபில்டருக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். ஃபேண்டம் பக்கத்தில், அதாவது ஒரு படத்துக்கோ புத்தகத்துக்கோ உரிய ரசிகர் கதைகளின் பக்கத்தில், பக்கவாட்டுப் பலகையைத் திறந்து, கீழே உள்ள எக்ஸ்க்ளூட் (விலக்கு) பகுதிக்குப் போகவும். அங்கே ஒவ்வொரு வகையிலும் அதிகம் பயன்பட்ட பத்து டேக்குகள்தான் (கதையில் என்ன இருக்கிறது என்று எழுத்தாளர் ஒட்டும் குறிச்சொற்கள்) தெரியும். வேண்டாதது அதில் இல்லாவிட்டால், அதற்குக் கீழே உள்ள பெட்டியில் தட்டச்சு செய்து சேர்க்கலாம். ஒரே ஜோடியைப் பற்றிய கதை மட்டும் வேண்டும் என்றால், முடிவுகளுக்குள் தேடும் பெட்டியில் ஓடிபி, முக்காற்புள்ளி, ட்ரூ என்று ஆங்கிலத்தில் இடைவெளியில்லாமல் அடிக்கலாம். ஒரு பாத்திரத்தைத் திட்டுவதற்கென்றே எழுதப்படும் கதைகளுக்குப் பேஷிங் என்ற டேக் உண்டு. அதை விலக்கினாலே ஹாரி பாட்டர் பக்கம் பாதி அமைதியாகிவிடும். இவ்வளவும் செய்தபின் ஃபில்டரைச் சேமிக்கத் தளத்தில் வழியில்லை, வரும் பக்கத்தின் முகவரியை உலாவியில் புக்மார்க் செய்துகொள்ள வேண்டியதுதான். குடோஸ் (இந்தத் தளத்தின் லைக்) கணக்கில் வரிசைப்படுத்தினால் பழைய கதைகளே மேலே வந்து நிற்கும். புதியவை வேண்டுமானால் தேதி வரிசையிலேயே விட்டுவிடுங்கள்.

ஃபில்டர் தவறுவது எங்கே? டேக்கை எழுத்தாளர் தன் போக்கில் எழுதலாம். ராம்பீம், பீம்/ராஜு (ராஜுவும் ராமேதான்) என்று பத்துப் பேர் பத்து விதமாக எழுதியதையெல்லாம் ஒரே டேக்கின் கீழ் இணைப்பவர்கள் டேக் ராங்க்ளர்கள் எனும் தன்னார்வலர்கள். அவர்கள் கைபடாத டேக் ஃபில்டரில் சிக்காது. சாய்கோடு போட்டால் காதல், ‘&’ போட்டால் வெறும் நட்பு என்பது மரபு. சிலர் இரண்டையும் சேர்த்தே போடுவார்கள். நட்புக் கதை தேடி வந்தவர் காதல் கதையில் விழுவது அதனால்தான்.

இவையெல்லாம் சின்னக் குறைகள். பெரிய குறை வேறு: டேக் கதையில் என்ன இருக்கிறது என்று சொல்லும், அதை எழுத்தாளர் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறார் என்று சொல்லாது. ஆர்ஆர்ஆர் கதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரேட்டிங் பச்சை, எச்சரிக்கைக் கட்டம் வெறுமை, டேக்கில் ஃப்ளஃப் (மனதுக்கு இதமான இனிப்புக் கதை), படத்துக்குப் பின் நடப்பது, சந்தோஷ முடிவு. உள்ளே போனால், ராம் பீமுக்கு மேசையில் உட்கார்ந்து சாப்பிடக் கற்றுத்தருகிறார், எழுத்து சொல்லித்தருகிறார், பீம் ஒவ்வொன்றுக்கும் வியந்து கண் விரிக்கிறார். எழுதியவருக்கு இது கொஞ்சல். படிப்பவருக்கு, பழங்குடி மனிதரை மறுபடியும் குழந்தையாக்கியது. இதற்கு எந்த டேக்கும் வராது. ஏனென்றால், இருப்பதே தெரியாத ஒன்றுக்கு யாரும் எச்சரிக்கை போட முடியாது. அடிமை முறை, கொலை, சித்திரவதை என்று வெளிப்படையாக டேக் போட்டு எழுதுபவர் பெரும்பாலும் தான் என்ன எழுதுகிறோம் என்று தெரிந்தவர். டெட் டவ் என்று ஒரு டேக்கே உண்டு: மேலே சொன்னதுதான் உள்ளே இருக்கிறது, பிறகு குறை சொல்லாதே என்று பொருள். கறுப்பான கதைகளை விட இனிப்பான கதைகளில்தான் பழைய சமூகப் பார்வை சத்தமில்லாமல் நுழைகிறது. தளத்தின் முழு அமைப்பும் முதல் வகைக்குப் பூட்டு போட்டிருக்கிறது, இரண்டாவதற்குக் கதவே இல்லை. நான்கு எச்சரிக்கைகளில் இனமும் இல்லை, சாதியும் இல்லை.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? கதைக்கு மேலே உள்ள குறிப்பைப் படியுங்கள், அடுத்து புக்மார்க் எண்ணைச் சொடுக்குங்கள் (உலாவி புக்மார்க் அல்ல, வாசகர்கள் தளத்திலேயே கதையைக் குறித்துவைப்பது). கதையின் கீழ் வரும் கருத்துகள் எழுத்தாளரின் கையில் இருக்கின்றன. அவர் நீக்கலாம், ஒப்புதல் கொடுத்தபின்தான் தெரியும்படி வைக்கலாம், கருத்துப் பகுதியையே மூடலாம். ஆனால் மற்றவர்கள் புக்மார்க்கில் எழுதும் குறிப்பை அவரால் நீக்க முடியாது. ‘அழகான நடை, பீமை எழுதிய விதம் உறுத்துகிறது’ என்பது மாதிரியான நேர்மையான வரிகள் அங்கேதான் கிடைக்கும். பொது என்று வைத்த புக்மார்க்குகள் மட்டும்தான் மற்றவர் கண்ணில் படும்.

விமர்சனத்தை விரிவாக எழுத விரும்புபவருக்கு ஒரு நல்ல வழியும் உண்டு, பலர் பயன்படுத்துவதில்லை. மெட்டா என்ற கட்டுரை வடிவத்தையும் தளம் படைப்பாகவே ஏற்கிறது. புதிய படைப்பு பக்கத்தில் ஃபேண்டம், ரேட்டிங், எச்சரிக்கை, தலைப்பு, மொழி நிரப்பி, கூடுதல் டேக்கில் மெட்டா, நான்ஃபிக்ஷன் இரண்டையும் போடவும். ஜோடி டேக் போட வேண்டாம். கதை தேடி வருபவர் பட்டியலில் கட்டுரை நின்றால் முதல் கருத்தே சண்டையாக வரும். இரண்டு வரிக் குமுறலைப் போட்டால் அது படைப்பு அல்ல என்று நீக்கப்படலாம். ஒரு ரசிகரைக் குறிவைத்துத் தாக்கினால் தொந்தரவுப் புகார் வரும். படத்தைப் பற்றி, அல்லது ஒரு ஃபேண்டத்தின் போக்கைப் பற்றி எழுதுவதே பாதுகாப்பு.

போக்கைக் காட்ட ஆதாரம் வேண்டுமா? பக்கவாட்டுப் பலகையில் ஒவ்வொரு ஜோடிக்கும் எதிரே கதைகளின் எண்ணிக்கை இருக்கும். 2015-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் கறுப்பின நடிகர் ஜான் போயேகா நடித்த ஃபின் முதன்மைப் பாத்திரங்களில் ஒருவர். ஆனால் சேர்ந்து சில காட்சிகளில் மட்டுமே வரும் இரண்டு வெள்ளை வில்லன்களான கைலோ ரென், ஹக்ஸ் ஜோடிக்கு ஆயிரக்கணக்கில் கதைகள். யாரையும் திட்டாமலே அந்த எண் பேசிவிடும். வாசகரின் கற்பனை கட்டுப்பாடில்லாமல் ஓடுகிறது என்று நினைக்கிறோம், அது ஓடும் தடம் மட்டும் பெரும்பாலும் பழையதுதான்.

இனவெறி விஷயத்தில் அமைப்பின் பதில் மெதுவானது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2020 ஜூனில் அமைப்பு அறிக்கை விட்டு மாற்றங்கள் வரும் என்றது. 2023 மே மாதத்தில், அந்த வாக்கு என்னாயிற்று என்று ரசிகர்களே இயக்கமாகக் கேட்க வேண்டிவந்தது. இடையில் வந்தவற்றில் உருப்படியானவை பிளாக், மியூட் இரண்டும். பிளாக் செய்தால் அந்த ஆள் உங்கள் படைப்பில் கருத்து போட முடியாது. மியூட் செய்தால் அவருடைய படைப்பும் கருத்தும் உங்கள் கண்ணில் படாது. இரண்டுக்கும் கணக்கு வேண்டும், கணக்குக்கு அழைப்பு வரிசையில் மின்னஞ்சல் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். இவை தனி மனிதருக்குக் கவசம், அவ்வளவே. ஒருவர் மியூட் செய்த கதை மற்ற எல்லோருக்கும் அப்படியேதான் இருக்கும்.

கைபேசியில் படிப்பவர்களுக்கு: அதிகாரபூர்வ ஆப் கிடையாது, ஆப் ஸ்டோரில் அந்தப் பெயரில் இருப்பவை எல்லாம் பிறர் செய்தவை. கதைப் பக்கத்திலேயே டவுன்லோட் பொத்தான் உண்டு, இபப், பிடிஎஃப் இரண்டிலும் இறக்கலாம். 2023 ஜூலையில் இணையத் தாக்குதலால் தளம் படுத்தபோது முன்பே இறக்கி வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். எழுத்தாளரே கதையை எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம் என்பதும் இறக்கி வைக்க ஒரு காரணம். மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது, ஆனால் பொன்னியின் செல்வன் கதைகள்கூடப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகின்றன. தமிழ்க் கதை தேடுபவர் ஃபேண்டம் பக்கத்தை விட்டுவிட்டு, மேம்பட்ட தேடலில் மொழியை மட்டும் தேர்வுசெய்து தேடுவது நல்லது.