2×1 மீட்டர் அலுமினிய மேடை: பலகை உறுதி, பெயர்தான் ஆட்டம்

அலுமினியச் சட்டம், அதன்மேல் 18 மி.மீ. பிளைவுட், நான்கு மூலையிலும் செருகும் குழாய்க் கால்கள். இன்று விற்பனைக்கு வரும் கழற்றி மாட்டும் மேடைகளில் பெரும்பாலானவை இந்த வார்ப்புதான். நல்ல பொருள். ஆனால் விலைப்பட்டியலில் இருக்கும் பெயர்களை நம்பி ஆர்டர் போட்டால் வேறு ஏதாவது வந்து இறங்கும். அதனால் முதலில் பெயர்.

‘போடியம்’ என்பது கிரேக்கத்தில் காலைக் குறிக்கும் சொல்லில் பிறந்தது. ஆக, அது ஏறி நிற்கும் இடம். ‘லெக்டர்ன்’ லத்தீனில் படிப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. தாள் வைக்கும் சாய்மேசை. பேச்சு வழக்கில் இரண்டையுமே போடியம் என்கிறோம். “போடியத்துல மைக் மாட்டியாச்சா?” என்றால் கேட்பவருக்குப் புரிந்துவிடும். பெட்டி அனுப்புகிறவருக்குப் புரியாது. ‘டயஸ்’ என்று பட்டியலில் இருந்தால் விருந்தினர் வரிசையாக உட்காரும் நீள மேடை. ‘ரோஸ்ட்ரம்’ பேச்சு மேடை. ரோமாபுரியில் பிடிபட்ட போர்க்கப்பல்களின் மூக்கைப் பேச்சு மேடையில் பதித்ததால் வந்த பெயர். நாடகக்காரர்களோ மடக்குச் சட்டத்தில் நிற்கும் எந்தப் பலகைக்கும் அதே பெயரை வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் விட மோசம் ‘ரைசர்’. டிரம்ஸ்காரருக்காகவோ குழுப்பாடகர்களுக்காகவோ மேடைமேல் போடும் குட்டி மேடையும் ரைசர்தான், படிக்கட்டில் ஒரு படியின் உயரமும் ரைசர்தான். ‘ரைசர் 20’ என்ற வரி எதைச் சொல்கிறது என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள். தமிழாக்கப் பட்டியல்களில் ‘அரங்கு’ என்றிருந்தால் அதையும் கேளுங்கள்: பழைய வழக்கில் அது மேடை, இன்றைய வழக்கில் கூடம்.

இனி பொருள். தரமான பலகைகள் சதுர மீட்டருக்கு 750 கிலோ தாங்கும் என்று குறிக்கப்பட்டிருக்கும். 500 கிலோ வகையும் உண்டு. இந்த எண் பரவலாக விழும் சுமைக்கு. கிட்டத்தட்ட 500 கிலோ எடையுள்ள பெரிய கச்சேரி பியானோ மூன்று காலில் நிற்கும்போது ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் 160 கிலோவுக்கு மேல் விழுகிறது, அதுவும் உள்ளங்கைக்கும் குறைவான இடத்தில். கணக்குப்படி சுமை குறைவுதான், ஆனாலும் பிளைவுட்டில் குழி விழும். சக்கரத்தின் கீழ் ஒன்றரை அடிச் சதுரப் பலகை வைத்தால் போதும்.

கால் கணக்கில்தான் பலர் காசை விடுகிறார்கள். 4×3 மீட்டர் மேடைக்கு 6 பலகை. ஒவ்வொன்றுக்கும் 4 கால் என்றால் 24. ஆனால் பலகைகள் சந்திக்கும் புள்ளிகள் 12 மட்டுமே: வெளி மூலைகள் 4, ஓரத்தில் இரண்டு பலகை சேரும் இடங்கள் 6, நடுவில் நான்கு பலகை சேரும் இடங்கள் 2. இரண்டு பலகையைச் சேர்த்துத் தாங்கும் இரட்டைக் கால், நான்கைத் தாங்கும் நால்முனைக் கால் வாங்கினால் 12-இல் முடிந்துவிடும். தூக்குவதும் பாதி. ஒரே குறை: நால்முனைக் கால் ஒன்று தொலைந்தால் நடுமேடையே நிற்காது.

ஆட்டம் பெரும்பாலும் பலகையால் வருவதில்லை, உயரத்தால் வருகிறது. 20, 40 செ.மீ. கால்களில் இந்த மேடை பாறை மாதிரி. 60-ஐத் தாண்டினால் கால்களைக் குறுக்கே பிணைக்கும் தாங்கி இல்லாமல் போடவே கூடாது. பேச்சாளர் நடப்பதால் வரும் தள்ளல் சின்னது. பத்துப் பேர் ஒரே தாளத்தில் பக்கவாட்டில் மிதித்து ஆடினால் அந்தத் தள்ளல் சேர்ந்து மொத்தச் சட்டமும் ஊசலாடும். 1 மீட்டர் உயரத்தில் நடனம் என்றால் நான்கு பக்கமும் தாங்கி வேண்டும், பலகைகளை அடியில் கவ்விப் பிணைப்பதும் வேண்டும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை சொல்லும் ஆடல் மேடை 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். கோல் என்பது 24 பெருவிரல். பெருவிரலின் அகலத்தை 2 முதல் 2.5 செ.மீ. என்று கொண்டால் உயரம் 48-லிருந்து 60. இன்றைய 60 செ.மீ. கால் அந்தக் கணக்கை விட்டு ரொம்ப விலகவில்லை!

இரண்டு பலகைக்கு நடுவே 2, 3 மி.மீ. ஏற்ற இறக்கம் வந்தால் பலகையைக் குறை சொல்லாதீர்கள். தரை சமமாக இருப்பதில்லை. அடியில் திருகுப்பாதம் உள்ள கால் வாங்குங்கள். மேடை முழுக்கப் பூட்டிய பிறகு மட்டம் பார்த்துத் திருகுங்கள், முன்னாடியே அல்ல. மூலைப் போல்ட்டை வெறியோடு முறுக்கினால் அலுமினிய மரை வழுக்கிவிடும். அதன்பிறகு அந்த மூலை எப்போதும் கிறீச்சிடும்.

உண்மையான குறை ஒலி. அடியில் வெற்றிடம், மேலே மெல்லிய பலகை: மத்தளமேதான். ஒவ்வொரு காலடியும் மைக் ஸ்டாண்டு வழியாக ஏறி ஸ்பீக்கரில் ‘தும் தும்’ என்று வரும். மேலே தடித்த கம்பளம், சட்டத்தில் ரப்பர் பட்டை, அடியில் கம்பளிப் போர்வை. இந்த மூன்றும் பாதி வேலையைச் செய்யும். மீதிக்கு ஒலி மிக்சரில் பேச்சு மைக்கின் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை வெட்டுங்கள்.

மேற்பரப்பில் வழுக்காமல் இருக்க அறுகோணப் புடைப்பு பதித்திருப்பார்கள். ஷூ போட்டவருக்கு நல்லது, வெறுங்காலில் ஆடுபவரின் பாதத்தைத் தேய்த்துவிடும். அவர்களுக்காகப் பலகைமேல் நடனத்துக்கான வினைல் விரிப்பு போட வேண்டும். பிளைவுட்டின் ஓரம் சரியாக அடைக்கப்படாத பலகையை மழையில் போட்டால் ஓரம் ஊதி, அடுத்த முறை சட்டத்தில் உட்காராது. வாங்கும்போது விரலால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், மரநார் தட்டினால் வேண்டாம்.

படிக்கட்டு தொகுப்பிலேயே வரும். சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதை பெரும்பாலும் வராது. 1-க்கு 12 என்ற சரிவில் 60 செ.மீ. மேடைக்கு 7.2 மீட்டர் நீளம் வேண்டும், 40 செ.மீ.க்கு 4.8. கூடத்தில் அந்த இடம் இல்லையென்றால் மேடையைத் தாழ்த்துவதுதான் வழி. சின்னக் கூட்டத்துக்கு 40 தாராளம்.

கூடவே தரும் சாய்மேசை சுமார். உயரம் 110 செ.மீ. சரிதான், ஆனால் தாள் சரியாமல் தடுக்கும் கீழ் விளிம்பு ஒரு செ.மீ. கூட இல்லாத வகைகள் நிறைய வருகின்றன. 2 செ.மீ.க்குக் குறைந்தால் பத்துத் தாள் அடுக்கு நிற்காது.

கடைசியாக, கால் குழாய்களின் நீளத்தைப் பெயின்டால் குழாயிலேயே எழுதி வையுங்கள். 40-உம் 60-உம் மூட்டைக்குள் கலந்துவிட்டால், பலகையைக் கவிழ்த்து நான்கு காலையும் செருகி, நிமிர்த்திய பிறகுதான் ஒரு மூலை தாழ்ந்திருப்பது தெரியும்.