ஹிட்ச்சில் மாட்டும் ஸ்கூட்டர் கேரியர்: பெட்டியில் போட்டிருக்கும் 500-ஐ நம்பாதீர்கள்

ஹூஸ்டனில் எங்கள் அத்தைக்கு, நடக்கச் சிரமப்படுகிறவர்கள் உட்கார்ந்து போகும் நான்கு சக்கர பேட்டரி ஸ்கூட்டர் வாங்கிய கையோடு, அதை ஏற்றிப்போக மினிவேனின் பின்னால் ஹிட்ச்சில் (இழுவை வண்டி மாட்டுவதற்கான, துளையுள்ள இரும்புச் சட்டம்) மாட்டும் அலுமினியக் கேரியரும் வாங்கினோம், சாய்வுப் பலகையை மடக்கி வைக்கிற வகை. எதையும் தூக்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் பெரிய நிம்மதி. வேகத் திருகை ஆமைப் படம் பக்கம் திருப்பிவிட்டு, பக்கத்தில் நடந்தபடியே நெம்புகோலை லேசாக அழுத்தினால் ஸ்கூட்டர் தானாக ஏறிவிடும். அப்புறம் சாவியை எடுத்துவிட்டு, இருக்கையைக் கழற்றி உள்ளே வைத்து, பட்டைகளை அடிச்சட்டத்தில் போட்டு இறுக்க வேண்டும். கைப்பிடித் தண்டில் கட்டவே கூடாது. பேர்லண்ட் மீனாட்சி கோவிலுக்கு இப்போதெல்லாம் அத்தைதான் முதலில் கிளம்பி நிற்கிறார்.

சரி, எடைக்கு வருவோம். பெட்டியில் 500 பவுண்டு தாங்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அது கேரியர் தாங்குகிற எடை, உங்கள் வண்டி தாங்குகிற எடை இல்லை. 3500 பவுண்டு இழுக்கும் மினிவேன் என்றால் ஹிட்ச்சின் மேல் நேராக இறங்கும் பாரம் பொதுவாக 350 பவுண்டுதான் இருக்கலாம், அதற்குள் கேரியரின் சொந்த எடையும் ஸ்கூட்டரும் சேர்ந்து அடங்க வேண்டும். ஒன்றே கால் இன்ச் துளை உள்ள சின்ன கார் ஹிட்ச் என்றால், அதில் முதல் வகுப்பு (Class I) எனப்படும் மிகச் சிறிய வகைக்கு 200 பவுண்டோடு சரி. இரண்டு இன்ச் அடாப்டர் போட்டால் கேரியர் உள்ளே நுழையும், அவ்வளவுதான், தாங்கும் சக்தி ஏறாது. வண்டியோடு வந்த கையேட்டில் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

குறைகளும் இருக்கின்றன. கேரியரின் குழாய்க்கும் ஹிட்ச்சின் துளைக்கும் நடுவில் இடைவெளி இருப்பதால் மேடு பள்ளத்தில் கடகடவென்று ஆடும், இறுக்கிப் பிடிக்கும் கவ்வி ஒன்றைத் தனியாக வாங்கிப் போட்டபிறகுதான் அடங்கியது. சாய்வு செங்குத்தாக இருப்பதால் அத்தையை உட்காரவைத்து ஏற்றவே மாட்டேன். பின் கேமராவில் தெரிவதெல்லாம் ஸ்கூட்டர் சக்கரம்தான். காலியாக மடக்கி வைத்திருந்தாலும் பின்கதவு முழுசாகத் திறக்காது, மளிகைப் பைகளைப் பக்கக் கதவு வழியாகத்தான் ஏற்ற வேண்டும். நம்பர் பிளேட்டும் மறைகிறது, அதற்கான சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள்.

பொத்தானை அழுத்தினால் ஏற்றும் மின்சார லிஃப்ட்டை புரூனோ, ஹார்மர் போன்ற கம்பெனிகள் செய்கிறார்கள். சொகுசுதான், ஆனால் விலை பல மடங்கு, அதன் எடையும் கூடுதல், போதாக்குறைக்கு வண்டி பேட்டரியிலிருந்து வயர் இழுக்க வேண்டும். ஸ்கூட்டருக்கு மெடிகேர் (முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு) கைகொடுக்கலாம், வண்டியில் மாட்டும் லிஃப்ட்டுக்குக் கொடுக்காது. புது வண்டி வாங்கப்போகிறீர்கள் என்றால் டொயோட்டா, ஹோண்டா மாதிரி கம்பெனிகள் இதற்கென்று ஒரு தொகையைத் திருப்பித் தருகிறார்கள், கையெழுத்துப் போடும் முன்பே டீலரிடம் கேளுங்கள்.