கல்பாத்தித் தங்கும் வீடு: வேலைக்கு வந்தவர்களுக்கு ஊரும் தொண்டும்

வார்ப்படத் தொழிற்சாலைகளில் தரத் தணிக்கை செய்வது என் வேலை. வருடத்தில் நான்கைந்து முறையாவது கோயம்புத்தூரிலிருந்து வாளையார் தாண்டிப் பாலக்காட்டுப் பக்கத்துத் தொழிற்பேட்டையான கஞ்சிக்கோட்டுக்குப் போக வேண்டியிருக்கும். தொலைவு குறைவு என்பதால் பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பிவிடுவேன். சென்ற ஆடி மாதத்தில் மட்டும் ஒரே ஆலையில் மூன்று வாரம் தொடர்ந்து உட்கார வேண்டிய தணிக்கை அமைந்தது. பாலக்காட்டுக் கணவாயில் ஆடிக்காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும் நாட்களில் தினமும் போய்வருவது முடியாது என்பதால், பாலக்காட்டு நகரின் கல்பாத்தி அக்ரகாரத்தில் உள்ள ஒரு தங்கும் வீட்டில் அறை எடுத்தேன். இந்த மதிப்பீடு அந்த வீட்டைப் பற்றியது. வீட்டின் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். இருப்பது மூன்றே அறைகள். அவர்கள் ஏற்பாடு செய்யும் தொண்டில் நாம் போய்ப் பார்ப்பது படுக்கையில் இருக்கும் நோயாளிகளை. இரண்டு காரணங்களும் எனக்குச் சரியாகவே பட்டன.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மாமாவும் அவர் மனைவியும் நடத்தும் வீடு இது. வேலை நிமித்தம் பாலக்காட்டுக்கு வருகிறவர்களுக்கு எழுதுமேசையோடு ஓர் அறையும் இரண்டு வேளைச் சாப்பாடும் தருகிறார்கள். மாலையில் ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்கள். விருப்பம் உள்ளவர்களைச் சனிக்கிழமைகளில் ஒரு பாலியேட்டிவ் பிரிவின், அதாவது தீராத நோயாளிகளுக்கு வலி தணிப்புச் சிகிச்சை தரும் குழுவின், தொண்டுப் பணியோடு சேர்த்துவிடுகிறார்கள். நான் இருந்தபோது நாள் வாடகை 1,600 ரூபாய். தொண்டுக்கு ஏற்பாடு செய்ததற்கு ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. நன்கொடை கொடுக்க விரும்பினால் அந்தப் பிரிவிடமே கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளும்படி முதல் நாளே சொல்லிவிட்டார்கள். வார நாட்களுக்கு ஒரு பில், சனி ஞாயிறுக்கு இன்னொரு பில் என்று மாமாவே பிரித்துக் கொடுத்தார். விடுமுறை நாட்களின் செலவு என் கையிலிருந்துதான் போக வேண்டும் என்பதால் அது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. அலுவலகப் பணத்தில் ஊர் சுற்றினேன் என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போனது.

அறை சுத்தமாக இருந்தது. தனியாகத் தங்கும் பெண்ணுக்கு எந்தத் தயக்கமும் எழாத வீடு. வரிசை வீடுகள் என்பதால் இரண்டு பக்கமும் சுவர் பொதுச்சுவர். அடுத்த வீட்டில் அதிகாலையில் தொடங்கும் மிருதங்கச் சாதகம் நம் அறைக்குள்ளேயே நடப்பது போலக் கேட்கும். எனக்கு அது பிடித்திருந்தது, இரவு ஷிப்ட் முடித்து வந்து படுப்பவர்களுக்குப் பிடிக்காது. குறை இணையத்தில்தான் இருக்கிறது. காற்று பலமாக வீசிய இரண்டு நாட்களில் மின்சாரமும் வைஃபையும் சேர்ந்தே போயின. ஒரு முக்கியமான வீடியோ அழைப்பைத் திண்ணையில் உட்கார்ந்து கைபேசி சிக்னலில் முடித்தேன். வேலைக்கு வருகிறவர்களை நம்பி நடத்தும் வீட்டில் ஓர் இன்வெர்ட்டராவது இருந்திருக்க வேண்டும். மாமியின் மொளகூட்டலையும் அரைச்சுக்கலக்கியையும் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஊர் காட்டும் பகுதி இரண்டு விதமாக இருந்தது. மாமா தாமே கூட்டிப் போகும் மாலை நடை மிக நன்றாக இருந்தது. காசியில் பாதி கல்பாத்தி என்று சொல்வதன் பொருள், தெருவைவிடத் தாழ்ந்து கிடக்கும் விசுவநாத சுவாமி கோயிலுக்குப் படி இறங்கி, அங்கிருந்து ஆற்றுப் படித்துறையைப் பார்க்கும்போதுதான் விளங்குகிறது. ஐப்பசிக் கடைசியில் தேர்கள் சந்திக்கும் முனையில் நிறுத்தி, எந்தத் தேர் எந்தப் பக்கத்திலிருந்து திரும்பும் என்று கையை நீட்டிக் காட்டினார். இன்னொரு மாலை ஹைதர் அலி 1766இல் கட்டிய கோட்டைக்குப் போனோம். அகழியைச் சுற்றி நடந்து, உள்ளே இருக்கும் ஆஞ்சநேயர் கோயிலைப் பார்த்து, 1790இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போன கதையைக் கேட்டபடி இருட்டும் முன் திரும்பினோம். இவை எல்லாம் வேலை முடிந்து வருகிறவரின் உடம்புக்கு ஏற்ற அளவில், ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மலம்புழைப் பயணத்தை வெளியாள் ஒருவரிடம் விட்டிருக்கிறார்கள். அது வீண். அணையில் அரை மணி, பூங்காவில் அரை மணி என்று விரட்டினார். மலபார் மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இருந்த காலத்தில் கட்டத் தொடங்கி, 1955இல் காமராஜர் திறந்துவைத்த அணை அது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களை அங்கே நிறுத்தி அந்தக் கதையைச் சொல்லாமல் எப்படிக் கடந்து போக முடிகிறது என்று வருத்தமாக இருந்தது. கானாயி குஞ்ஞிராமன் 1969இல் செய்து முடித்த யட்சி சிலையின் முன் நிற்கவும் பத்து நிமிடத்துக்கு மேல் கொடுக்கவில்லை. மலம்புழைக்கு நீங்களே பேருந்தில் போய்விட்டு வாருங்கள்.

இனி, இந்த வீட்டைத் தேடிப் போக வேண்டிய காரணத்துக்கு வருகிறேன். கேரளத்தில் வலி தணிப்புச் சிகிச்சை என்பது மருத்துவமனைக்குள் அடங்கிய விஷயம் அல்ல. 1993இல் கோழிக்கோட்டில் ஒரு சிறு அமைப்பாகத் தொடங்கி, ஊர்க்காரர்களே தன்னார்வலர்களாகச் சேர்ந்து வீடு வீடாகப் போகும் முறையாக வளர்ந்தது. 2008இல் மாநில அரசு இதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்ட பிறகு பஞ்சாயத்துகளும் செவிலியரை அமர்த்தி இதை நடத்துகின்றன. ஜனவரி 15ஐ அங்கே பாலியேட்டிவ் தினமாகவே கடைப்பிடிக்கிறார்கள். புற்றுநோய், பக்கவாதம், தண்டுவட அடி, முதுமைத் தளர்ச்சி என்று படுக்கையில் விழுந்தவர்களின் வீட்டுக்கு ஒரு செவிலியரும் ஓரிரு தன்னார்வலர்களும் வேனில் போய்ப் புண்ணுக்கு மருந்து வைத்து, குழாய் மாற்றி, வீட்டாருக்குப் புரட்டிப் படுக்க வைக்கக் கற்றுக்கொடுத்து வருகிறார்கள். வெளியூர்க்காரர் வந்தாலும் வராவிட்டாலும் இது நடந்துகொண்டே இருக்கும். அப்படி நிற்கும் ஏற்பாட்டுக்குள் விருந்தாளியைக் கொண்டுபோய்ப் பொருத்துவதுதான் இந்த வீடு செய்யும் வேலை, அதை அவர்கள் பொறுப்போடு செய்கிறார்கள்.

என்னை அனுப்பிய பிரிவு சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இயங்குகிறது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி ஆகிய ஊர்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. தமிழ்வழிப் பள்ளிகளும் உண்டு. அறை பதிவு செய்யும்போதே மாமா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, எனக்குக் கொங்குத் தமிழ் வருமா என்பதுதான். அதற்கான காரணம் மூன்றாவது சனிக்கிழமை புரிந்தது.

முதல் சனிக்கிழமை என்னை எந்த வீட்டுக்கும் கூட்டிப் போகவில்லை. புண்ணுக்குக் கட்டும் காஸ் துணிச் சுருள் ஒன்றையும் கத்தரிக்கோலையும் என் முன் வைத்தார்கள். அளவாக வெட்டி, வெட்டிய ஓரம் வெளியே தெரியாமல் உள்பக்கம் மடித்து, மறுபடியும் மடிக்க வேண்டும். ஓரம் வெளியே இருந்தால் நூல் பிரிந்து புண்ணில் ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது நோயாளிக்கு உயிர் போகும் என்று செவிலியர் சொன்னார். நான் மடித்தவற்றில் முதல் இருபதையாவது பிரித்துத் திரும்ப மடிக்கச் சொல்லியிருப்பார். இரண்டரை மணி நேரம் அதையே செய்தேன். நோயாளிகளைப் பார்க்கலாம் என்று எண்ணி வந்தவளுக்கு அது அப்போது ஏமாற்றமாக இருந்தது. இன்று யோசித்தால், பயிற்சி இல்லாத ஒருத்தியை அடுத்தவர் வீட்டுப் படுக்கையறைக்குள் அனுமதிக்காத அந்தக் கண்டிப்புதான் இந்தச் சேவையை நான் நம்புவதற்கு முதல் காரணம்.

இரண்டாவது சனிக்கிழமை காலை முழுவதும் வகுப்பு. கேரளத்தில் இந்தத் தொண்டுக்கு வழக்கமாகத் தரும் பயிற்சி 16 மணி நேர வகுப்பும் நான்கு நாள் களப்பணியும் கொண்டது. எனக்குக் கிடைத்தது அதன் ஆரம்பப் பாடம் மட்டுமே. நோயின் பெயரை நோயாளி முன் சொல்லாதே, அவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். நாட்டு மருந்து யோசனை சொல்லாதே. கையில் பணம் கொடுக்காதே. சரியாகிவிடும் என்று சொல்லாதே. திரும்ப வருவேன் என்று வாக்குக் கொடுக்காதே. மதியம் வேனில் தண்ணீர்ப்படுக்கை ஒன்றை ஏற்றி இறக்கினேன்.

மூன்றாவது சனிக்கிழமைதான் ஒரு வீட்டுக்குள் போனேன். தென்னந்தோப்பு ஓரத்தில் ஓட்டு வீடு, கயிற்றுக் கட்டிலில் ஒரு பாட்டி. செவிலியர் திருச்சூர்ப் பக்கத்துக்காரர். தமிழ் ஓரளவு பேசுவார். காலில் வலி எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டதற்குப் பாட்டி, "வலிங்கறதில்லீங்க, மதமதன்னு கெடக்குது, திடீர்னு சுள்ளு சுள்ளுனு இழுக்குது" என்றார். வலி இல்லை என்று எழுதப்போன செவிலியரை நிறுத்தி, கால் மரத்துக் கிடக்கிறது, நடுநடுவே மின்சாரம் தாக்கியது போல வெட்டி இழுக்கிறது என்று விளக்கினேன். அவர் உடனே மீண்டும் பாட்டியின் பக்கம் திரும்பி, எங்கே தொடங்குகிறது, எதுவரை போகிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நரம்பு சம்பந்தப்பட்ட வலிக்குக் கொடுக்கும் மருந்தே வேறு, இதை மருத்துவரிடம் இன்றைக்கே சொல்ல வேண்டும் என்றார். அந்த மூன்று வாரத்தில் நான் செய்த உருப்படியான தொண்டு என்று சொல்லத் தக்கது இந்த ஒரு வாக்கியத்தைப் பெயர்த்துச் சொன்னதுதான்.

கிளம்பும்போது பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மிணி, அடுத்த சனிக்கெழமையும் வருவியா கண்ணு?" என்று கேட்டார். வருகிறேன் என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. "எனக்கு இங்க வேலை முடிஞ்சுதுங்க பாட்டி. இந்தச் சிஸ்டர் கண்டிப்பா வருவாங்க" என்றேன். அவர் கையை விடச் சற்று நேரம் ஆனது.

ஒரு குறையை அழுத்திச் சொல்ல வேண்டும். விருந்தாளிகளுக்கு அனுப்பும் அறிமுகத் தாளில் "ஒரே வார இறுதியில் வேலை, ஊர், தொண்டு மூன்றும்" என்று அச்சடித்திருக்கிறார்கள். அங்கே நடப்பது அதற்கு நேர்மாறு. ஒரே வார இறுதிக்கு வருகிறவர் காஸ் துணி மடித்துவிட்டுத்தான் போக முடியும், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். அந்த வரியை நம்பி வந்த இன்னொரு விருந்தாளி, நான் இருந்த இரண்டாம் வாரம், வேனில் தண்ணீர்ப்படுக்கை இறக்கப் போன இடத்தில் வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவரைக் கைபேசியில் படம் எடுத்துவிட்டார். பிரிவின் பொறுப்பாளர் அங்கேயே அதை அழிக்க வைத்து, அவரை மேற்கொண்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் செய்தது பெரிய தவறு. ஆனால் படம் எடுக்கக் கூடாது என்பதை அறை பதிவு செய்யும்போதே எழுத்தில் கொடுக்காதது வீட்டுக்காரர்களின் தவறு. நான் இதைச் சொன்னபோது மாமா மறுப்பேதும் பேசாமல் ஏற்றுக்கொண்டார். அடுத்த நாளே அந்த விதி தனித் தாளில் அச்சாகி அறைகளில் ஒட்டப்பட்டது. அறிமுகத் தாளில் உள்ள அந்த வரி மட்டும் நான் கிளம்பும் வரை மாறவில்லை.

சனிக்கிழமை பணி முடிந்து பாலக்காட்டுக்குத் திரும்பும் வழியில் எலப்புள்ளிப் பக்கம் இறங்கி ராமசேரி இட்லி சாப்பிடச் சொல்லி மாமி அனுப்புவார். தமிழகத்திலிருந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் மண்பானை வாயில் நூல் வலை கட்டி, அதன் மேல் துணி விரித்து ஊற்றி எடுக்கும் தட்டையான இட்லி அது. அந்தப் பாட்டி வீட்டிலிருந்து வந்த அன்று பொடியும் தேங்காய் எண்ணெயும் விட்டு இரண்டு தின்றேன். மற்ற சனிக்கிழமைகளில் நான்கு.

இங்கே தங்க நினைப்பவர்கள் குறைந்தது மூன்று சனிக்கிழமைகள் ஊரில் இருக்கும்படியான வேலை கிடைத்தால் மட்டும் தொண்டுக்குப் பெயர் கொடுங்கள். அதைவிடக் குறைவென்றால் அறையும் மாலை நடையும் போதும். கேட்கும்போதே உங்களுக்கு எந்த வட்டாரத்துத் தமிழ் வரும், மலையாளம் புரியுமா என்பதைச் சொல்லிவிடுங்கள். பின்கட்டு அறையைக் கேட்டு வாங்குங்கள். காற்று கொஞ்சம் குறைவாக அடிக்கும். கஞ்சிக்கோட்டு ஆலையில் மறுதணிக்கை தை மாதம் வருகிறது. நான்கு வாரத்துக்கு அறை சொல்லிவிட்டேன். மீதிப் பயிற்சி வகுப்புகளுக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன்.