ஆழத்தில் ஓடும் தமனி, தோலடியில் ஓடும் தமனி

தருமபுரியில் செவிலியர் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது முழங்கை மடிப்பைத்தான். பெரும்பாலானோருக்கு அல்னார் தமனி (முன்கையில் சுண்டுவிரல் பக்கமாக ஓடும் தமனி) அங்கே பிரிந்ததும் தசைகளுக்கு அடியில் இறங்கிவிடும். ஊசி எளிதில் எட்டாது.

100 பேரில் சுமார் 3 பேருக்கு அது தசைகளுக்கு மேலேயே, தோலை ஒட்டி ஓடும். மணிக்கட்டில் வழக்கமான இடத்துக்கே வந்துவிடுவதால் அங்கே நாடி பார்த்தால் தெரியாது. பென்னாகரம் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு அப்படித்தான் இருந்தது. மெலிந்த கையில் கயிறுபோல் புடைத்து நின்றது, பார்த்தால் நல்ல 'நரம்பு' (சிரையை நாம் அப்படித்தானே சொல்கிறோம்). விரல் வைத்தால் துடித்தது. சிரை அப்படித் துடிக்காது. சிரை என்று நினைத்து அந்தத் தமனியில் மருந்து ஏற்றினால் விரல்களே அழுகிப்போகலாம். அதனால் ரப்பர் பட்டை கட்டுவதற்கு முன்பே தொட்டுப் பாருங்கள். இறுக்கிக் கட்டிவிட்டால் துடிப்பு மங்கிவிடும்.